காலாவதியாகாத ஜெயசிங்

அத்தியாயம் 11

காணாமல்போன மனிதரின் பெயருக்கு மறுபடியும் ஒரு மின்னஞ்சல் வந்தபோது பெர்லினின் வாயில் பாதி பழம்பொரி இருந்தது.

மேசைமேல் கிடந்த செல்போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. காணாமல்போனவரின் மனைவி லீலாபாய் டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்; கணவரின் மின்னஞ்சல் அவர் போனுக்கும் வரும். படித்துவிட்டு போனை சிந்தியாவின் பக்கம் நகர்த்தினார். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் விடைத்தாளைக் காட்டுகிற பெருமை அவர் முகத்தில் இருந்தது.

"பாத்தியா மோளே. நான் சொன்னேன்லா, அவிய உயிரோட இருக்காவ."

அன்புள்ள ஜெயசிங், உங்கள் பெயர் மேலும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது, எங்களோடு இருப்பதற்கு நன்றி. அவ்வளவுதான் கடிதம். எங்கோ ஓர் இயந்திரம் தானாக அனுப்புகிற ஆங்கிலம். ஆனால் ஜெயசிங் வீட்டைவிட்டுப் போய் ஓராண்டு கழிந்திருந்தது. சென்ற ஆண்டு ஜூனில், இடவப்பாதி மழையில் காணாமல்போனவர் இந்த இடவப்பாதி மழையிலும் திரும்பவில்லை. அவருடைய இணையப் பெயர்கள் மட்டும் தவறாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஊரில் சிலர் அவர் பெங்களூரில் வேறு குடும்பம் வைத்திருக்கிறார் என்றார்கள். சிலர் அது பேய் என்றார்கள். பேய் எந்தக் கார்டில் பணம் கட்டும் என்று யாரும் யோசிக்கவில்லை.

சிந்தியா நாகர்கோவிலில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு காதல் உண்டா என்கிற அளவில்தான் அவளுக்குத் தொழில். கடற்கரைக்காரி. வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, வக்கீலைவிட அதிகம் கேள்வி கேட்டதால் வெளியே வந்தவள். பெர்லின் அவளுடைய உதவியாளன். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன். பிறகு பெங்களூரில் இணையப் பெயர் விற்கும் கம்பெனி ஒன்றில் இரவு வேலைக்குப் போய் அதையும் பாதியில் விட்டவன். பாதியில் விடுவதை மட்டும் அவன் பாதியில் விட்டதில்லை.

இந்த வழக்குக்கு அவன் தேவைப்பட்டான். ஏனென்றால் ஜெயசிங்கின் தொழிலை சிந்தியாவுக்கு அவன்தான் விளக்க வேண்டியிருந்தது. கருங்கல் ஊர்ச் சந்தையில் இன்டர்நெட் என்றால் என்னவென்று கேட்பார் இல்லாத காலத்திலேயே அவர் இணையத்தில் பெயர்களைப் பதிந்து வைக்க ஆரம்பித்தார். மிளகு, ரப்பர், ஆயுர்வேதம், கல்ஃப் வேலை, ஊர்ப் பெயர்கள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் டாட் காம் போட்டுத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். பிறகு அந்தப் பெயர் தேவைப்படுகிறவன் வந்து நின்றான். ஜெர்மன் டூர் கம்பெனி வந்தது, கொச்சி ஏற்றுமதிக்காரன் வந்தான். மாடி வீடு வந்தது. ஊரார் அவரைப் பேர் கச்சவடக்காரர், அதாவது பேர் வியாபாரி, என்று கூப்பிட்டார்கள்.

"ஆனா அது வாங்குயது இல்ல அக்கா, வருசக் குத்தகை," என்று முதல்நாளே பெர்லின் சொல்லியிருந்தான். "குத்தகை கட்டல்லண்ணா பேரு காலாவதி. அதுக்குப் பெறவும் ஒரு மாசம்போல பழைய ஆளுக்கு அவகாசம் உண்டு. அதுக்குள்ளயும் கட்டல்லண்ணா எவன் வேணும்னாலும் எடுத்துக்கிடலாம். சவத்த எடுக்க ஆம்புலன்ஸ்காரன் நிப்பான்லா, அதுபோல காத்து நிக்க கம்பெனி இருக்கு."

இப்போது மூவரும் ஜெயசிங்கின் மாடி அறையில் இருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. இரண்டு கணினிகள் துணியால் மூடிக் கிடந்தன. டீச்சர் வாரந்தோறும் துணியைத் துவைத்து மறுபடி மூடுவார் போலிருக்கிறது, சலவை வாசம் வந்தது. நாற்காலியின் இருக்கையில் ஒரு மனிதனின் பாரம் பதிந்த குழி இன்னும் இருந்தது. பெர்லின் அதில் உட்காராமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர், உபதேசியார் எப்பம் வருவாரு?" என்று கேட்டாள் சிந்தியா.

"வெளக்கு வைக்கதுக்கு முன்ன வருவாரு."

அதுதான் அவசரம். மஸ்கட்டில் இருக்கும் மகன் ஷிபினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாளை ஞாயிறு ஆராதனையில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரின் மகன் இன்னாரின் மகளை மணக்க இருக்கிறான் என்று மூன்று ஞாயிறு சபை முன்னால் அறிவிக்கிற வழக்கம். அதில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா வேண்டாமா என்று சபை ஊழியரான உபதேசியார் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போயிருந்தார். இன்று மூன்றாவது தடவை. இனித் தள்ளிப்போட முடியாது.

"உயிரோட இருக்க மனுசனை சபை முன்னால நான் கொல்லக்கூடாது," என்றார் டீச்சர். "செத்த மனுசனை உயிரோட இருக்காருண்ணு கர்த்தருக்க சந்நிதியில வாசிக்கவும் கூடாது. ரெண்டுல எதுண்ணு எனக்கு இண்ணைக்குத் தெரியணும். அதுக்குத்தான் ஒன்னை விளிச்சேன்."

சிந்தியா போனைப் பெர்லினிடம் நீட்டினாள். "இந்தப் பேரு எப்பம் காலாவதி ஆவ இருந்துது, பாரு."

"அடுத்த மாசம் தான். முன்கூட்டியே கட்டியாச்சு. கொள்ளாம், நல்ல பழக்கம்."

டீச்சர் சிரித்துவிட்டார். "அவிய முன்கூட்டி கட்டுயதா? கரண்டு பில்லே ஃப்யூஸ் புடுங்க ஆளு வந்தாத்தான் கட்டுவாவ."

"பேருக்குமா?"

"பேருக்குத்தான் முக்கியமா. ஒவ்வொண்ணையும் காலாவதி ஆவ விடுவாவ. அவகாசம் தீருக கடைசி நாளு வரைக்கும் தொடமாட்டாவ. நான் கேட்டா, 'ஏட்டி, செத்ததுபோல கிடக்கட்டு. யாரெல்லாம் சுத்தி வாறாண்ணு அப்பத்தான் தெரியும்'ணு சொல்லுவாவ. காலாவதி ஆனதும் ஆசப்பட்டவன் எல்லாம் வெளிய வந்துருவான். ஒருத்தன் மெயில் போடுவான், ஒருத்தன் போன் பண்ணுவான். யாருக்கு எவ்வளவு பசிண்ணு பாத்து வச்சிட்டு, கடைசி நாளு பணத்த கட்டி பேர எடுத்துக்கிடுவாவ. மறுநாளு அவனுக்கே வெல சொல்லுவாவ. ஜெர்மன்காரன் அப்பிடித்தான் விழுந்தான்."

சொன்னதில் இருந்த பெருமை டீச்சருக்குத் தெரிந்தது. சொன்னதற்குள் வேறு என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. பெர்லினுக்குத் தெரிந்தது. பழம்பொரி தொண்டையில் நின்றது. அவன் சிந்தியாவைப் பார்த்தான். அவள் இப்போது வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

"இப்பம் கட்டினது எந்தப் பேரு?" என்றாள்.

"கருங்கல் ஃபேக்ஸ் டாட் காம்." பெர்லின் இருமிக்கொண்டான். "ஃபேக்ஸ் மெஷினைப் பாத்தே எத்தன வருசமாச்சு. மியூசியம்காரன் வேணும்னா வாங்குவான்."

"அதா?" டீச்சர் முகத்தைச் சுளித்தார். "அது பதரு. அப்பிடி கொஞ்சம் கிடக்கு. இந்தத் தடவ தலைமுழுகணும்ணு சொல்லிட்டிருந்தாவ."

"பதரையும் சேத்துக் கட்டியிருக்காரு," என்றாள் சிந்தியா யாரிடமும் இல்லாமல். "டீச்சர், அவருக்க பாஸ்வேர்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது, மோனுக்கும் தெரியாது. எழுதியும் வைக்கமாட்டாவ. ஆனா அடிக்கும்போ வாய்க்குள்ள முணுமுணுப்பாவ. ஒவ்வொரு எழுத்தா. சின்னப் புள்ளைய எழுத்துக்கூட்டிப் படிக்குமே, அது மாதிரி. நான் அடுக்களையில இல்லியா, எனக்கு எங்க கேக்க."

"பக்கத்துல இருக்க ஆளுக்குக் கேக்கும்."

"பக்கத்துல யாரு இருந்தா. ஆதியில மரியஜானுக்க பிரவுசிங் சென்டர்ல இருந்துதான் எல்லாத்தையும் தொடங்குனாவ. ஒரே பெஞ்சுல ரெண்டுபேரும் உக்காந்திருப்பாவ. பெறவு அவன் சென்டரை அடச்சிட்டு, இராஜாக்கமங்கலம் தொறையில அப்பனுக்க வள்ளத்தப் பாக்கப் போயிட்டான்."

"இப்பமும் வருவாரா?"

"மாசம் தவறாம வருவான். கையில மீனு இருக்கும்." டீச்சரின் குரல் இளகியது. "அவன் ஒருத்தன்தான் மோளே என்னைக் கொல்லாதவன். வேற எல்லாவனும் வாசல்ல செருப்பு கழத்தும்போதே 'ஏதாச்சும் விவரம் உண்டா டீச்சர்'ணு கேப்பானுவ. மரியஜான் ஒரு நாளு கேட்டது இல்ல. எனக்கு நோவும்ணு அவனுக்குத் தெரியும்."

சிந்தியா டீ கிளாசை மேசைமேல் வைத்தாள். சத்தம் வராதபடி வைத்தாள்.

"ஏலே, வண்டிச் சாவி எங்க?"

துறைக்குப் போகும் வழியில் சிந்தியாவின் பழைய மாருதியில் மழை மேலேயும் கீழேயுமாக வந்தது. பெர்லின் கால்களை டேஷ்போர்டு உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தான்.

"அக்கா, நான் இப்பம் சொல்லுகேன், பெறவு நீ சொன்னதுபோல காட்டிக்கிடக் கூடாது. அந்த மனுசன் செத்ததுபோல கிடக்காரு. பேரை வச்சுச் செஞ்சத தன்னை வச்சு செய்யுதாரு. தன்னையே காலாவதி ஆக்கி, யாரு சுத்தி வாறாண்ணு பாக்காரு."

"எதுக்கு?"

"மொத்தப் பேரையும் வாங்க ஒரு பாம்பே கம்பெனி கேட்டுட்டிருந்ததா டீச்சருக்க மோன் சொன்னாம்லா. வெல படியல்ல. ஆளு காணாம போனா எத்தனைபேரு போட்டிக்கு வாறாண்ணு பாக்கலாம்."

"அப்பம் பேரையும்லா காலாவதி ஆவ விடணும். எதுக்கு முன்கூட்டி கட்டுகாரு? பதரையும் சேத்து?"

பெர்லின் முன்கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தான்.

"கச்சவடம் தெரிஞ்சவன் பதருக்குப் பணம் கட்டமாட்டான்," என்றாள் சிந்தியா. "திருட வந்தவனும் கட்டமாட்டான், அவன் நல்லதா நாலு பேரை மாத்திட்டுப் போயிருவான். இவன் நெல்லும் பதரும் தெரியாதவன். ஆனா சாவி இருக்கு. ஒண்ணும் எடுக்கல்ல. ஒண்ணும் சாவக்கூடாதுண்ணு மட்டும் பாக்கான். அதுவும் ஒரு நாளு பிந்திரக் கூடாதுண்ணு பயந்து பாக்கான்."

"மரியஜான். சரி. அவருதான் கட்டுகாரு, ஜெயசிங் அங்க ஒளிஞ்சிருக்காரு."

"கடக்கரையிலயா?"

அதுவும் இடித்தது. ஜெயசிங்குக்கும் கடலுக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். சுனாமி வந்த வருடம் அவர் கடலைத் தொட்ட பெயர்களையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர். விருந்தாளி வந்தால்கூட கன்னியாகுமரிக்கு டீச்சரைத்தான் அனுப்புவார். அதனால்தான் வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவர் கார் கிடந்ததும் போலீஸ் பஸ் போகிற ஊர்களில் எல்லாம் தேடியது. கடற்கரைப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உயிரோட இருக்காருண்ணு பந்தயம்," என்றான் பெர்லின். "தோத்தா ஒரு மாசம் நான் வாயத் திறக்கமாட்டேன்."

"இத்தன பெரிய பரிசு எனக்கு யாரும் தந்தது இல்லலே."

அவன் சிரித்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெங்களூரில் அவன் வேலையை விட்டதற்கு இதுபோல ஒரு செத்தவர் பெயருக்காக வந்த தொலைபேசி அழைப்புதான் காரணம். ஒரு வெள்ளைக்காரக் கிழவி. மகன் செத்துப்போனான், அவன் எழுதிய பக்கம் மூடப்போகிறது, பணம் கட்டுகிறேன், திறந்து தா என்றாள். கணக்கின் உரிமையாளர் பேசினால்தான் முடியும் என்று அட்டையில் இருந்ததை அவன் படித்தான். அவன் செத்துட்டான் என்றாள். அப்படியானால் அவரை எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள் என்று அடுத்த வரியையும் படித்தான். மறுமுனையில் கொஞ்சநேரம் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு இப்போதும் சில இரவுகளில் அவன் காதில் வரும், விசிறி நின்ற பிறகு, கரண்டு போன பிறகு.

துறையில் கடல் சாம்பல் நிறத்தில் எழும்பி விழுந்துகொண்டிருந்தது. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. எல்லாவற்றையும் மேட்டில் இழுத்துப் போட்டிருந்தார்கள். சிலுவை நட்ட குருசடிக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் மரியஜான் தனியாக உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கழுத்தில் ஜெபமாலை. பிரவுசிங் சென்டர் நடத்தியதற்கு மிச்சமாகக் கண்களில் தடித்த கண்ணாடி.

"நான் சிந்தியா. லீலாபாய் டீச்சருக்காக வந்திருக்கேன். இவன் எனக்க கூட உள்ளவன்."

"வாங்க. அந்தப் பெட்டிமேல இருங்க. நனையாது."

சிந்தியா உட்காரவில்லை. "ஜெயசிங் சாரைக் கண்டுபிடிச்சாச்சு."

மரியஜானின் கை நின்றது. பின்னும் ஊசி வலைக்குள் பாதியில் தொங்கியது. அவர் தலையை உயர்த்தாமல் கேட்டார்.

"எந்தக் கரையில?"

பெர்லினுக்கு எப்போதும் இந்த இடத்தில் ஒரு நக்கல் வரும். வரவில்லை.

"கார் கிடந்தது வடசேரியில," என்றாள் சிந்தியா மெல்ல. "போலீஸ் தேடினது மெட்ராஸ்லயும் பெங்களூர்லயும். வேற யாருகிட்ட சொல்லியிருந்தாலும், எங்க இருக்காரு, சொகமா இருக்காராண்ணு கேட்டிருப்பாவ. கரையக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

"கிடச்சுதா, இல்லியா? அதச் சொல்லு பிள்ளே."

"இல்ல."

மரியஜான் கண்ணாடியைக் கழற்றினார். பிடிபட்டவனின் பயத்தைத்தான் பெர்லின் அந்த முகத்தில் தேடினான். அங்கே இருந்தது ஏமாற்றம். ஓராண்டு காத்திருந்த ஒன்று வந்துவிட்டது என்று ஒரு நொடி நம்பி, அது வரவில்லை என்று தெரிந்துகொண்ட மனிதனின் ஏமாற்றம்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள் சிந்தியா. "நான் சொன்னா தப்பாப் போவும்."

"அவருக்க ஐடியாதான் எல்லாம். எனக்க ஐடியாண்ணு நெனச்சிராதீங்க. ஒரு மாசம் செத்ததுபோல கிடப்பேன், யாரெல்லாம் வாறாண்ணு பாக்கணும்ணு சொன்னாரு."

பெர்லின் சிந்தியாவைப் பார்த்தான். பந்தயத்தில் பாதி அவனுடையது. அவனுக்கு அது வேண்டாம் போலிருந்தது.

"விழிஞ்ஞத்துல எனக்க அக்கா வீடு இருக்கு. அங்க கொண்டு விடணும். பஸ்சுல, டிரெயின்ல போனா கருங்கல்காரன் ஒருத்தனாவது பாப்பான். கடல்வழியா போவோம் மரியஜானு, நான் கடல்ல போவேன்ணு எவனும் நெனைக்கமாட்டான், தேடவும் மாட்டான்ணு சிரிச்சாரு. கார வடசேரியில விட்டுட்டு ஆட்டோவுல வந்தாரு. இடவப்பாதி சமயம், வேண்டாம் சாரேண்ணு சொன்னேன். பயந்துக்கிட்டேதான் ஏறினாரு. எனக்க கையப் பிடிச்சிட்டிருந்தாரு." அவர் தன் வலது கையை ஒருமுறை பார்த்தார். "அலை உடையுத இடத்தத் தாண்டல்ல. வள்ளம் மறிஞ்சிட்டு. நான் நீந்தத் தெரிஞ்சவன். முங்கி முங்கித் தேடினேன். கையி கிடச்சுது, விட்டுட்டு. பெறவு கிடைக்கல்ல."

"ஏன் யாருட்டயும் சொல்லல்ல?"

"யாரு நம்புவா? கார் அங்க கிடக்கு. கடலுண்ணா நடுங்குக மனுசன் மழையில எனக்க வள்ளத்துல எதுக்கு ஏறினாருண்ணு கேட்டா நான் என்ன சொல்ல? கேஸு கொலையாயிரும். முதல்ல அந்தப் பயம்தான். பயத்த மறைக்கல்ல நான்."

"பெறவு?"

"பெறவு, பேரு காலாவதி ஆச்சுண்ணு மெயில் வரும்லா. டீச்சருக்கு. ஒண்ணு ஒண்ணா வரும். கடலு அவரைத் தரல்ல. அந்த மெயிலையாவது வராம பாத்துக்கிடலாம்ணு நெனச்சேன். பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம், எத்தன வருசம் காதுக்கிட்ட முணுமுணுத்தது. எது நல்ல பேரு, எது மோசம்ணு எனக்கு அறியாது. எல்லாத்தையும் கட்டினேன். வள்ளத்துக்க ஒரு எஞ்சினை வித்தேன், கட்டினேன்."

"அவரு கடைசி நாளுதான் கட்டுவாருண்ணு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று பெர்லின் கேட்டான். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அற்பமான கேள்வி என்று தெரிந்தது.

"தெரியும். அவருக்கு அந்த தைரியம் உண்டு. எனக்கு இல்ல மக்கா. நான் ஒரு தடவ பிந்தினவன்லா." மரியஜான் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "முக்கு ரோட்டு சென்டர்ல போய் இருந்து கட்டுவேன். உள்ள போனதும் 'மீண்டும் வருக, ஜெயசிங்'ணு எழுதி வரும். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பாப்பேன். பின்னால ஆரோ மூச்சு வாங்குதது மாதிரி இருக்கும்."

பெர்லின் எழுந்து கொட்டகைக்கு வெளியே போய் மழையில் நின்றான்.

சிந்தியா வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாள். பிறகு, "சட்டை மாத்திட்டு வாங்க," என்றாள்.

"ஸ்டேஷனுக்கா?"

"அது திங்கக்கிழமை, வக்கீலோட. நான் கூட வருவேன். இண்ணைக்குக் கருங்கலுக்கு."

"அய்யோ, அது மட்டும் வேண்டாம். ஸ்டேஷனுக்கே கொண்டுபோ."

"கொண்டுபோலாம். அந்த அம்மை நாளைக்கு சபை முன்னால என்ன சொல்லணும்ணு இண்ணைக்கு முடிவு செய்யணும். அத முடிவு செய்யுதது அவிய. ஒங்க மெயிலு இல்ல."

அவர்கள் திரும்பியபோது உபதேசியார் ஞானையன் முன்அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு காகிதம், சட்டைப்பையில் பேனா. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மரியஜானின் வெறுங்கையைப் பார்த்ததும் டீச்சர் எழுந்துவிட்டார். அவருக்குப் பாதி அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மரியஜான் உட்காரவில்லை. கதவருகில் நின்று, கொட்டகையில் சொன்னதை அதே வரிசையில் சொன்னார். கை கிடைத்து விட்டுப்போன இடத்தில் டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். உபதேசியார் பேனாவை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு டீச்சர் கேட்டது ஒரு கேள்வி.

"எனக்கிட்ட சொல்லாண்டாம்ணு யாரு சொன்னா? நீயா, அவியளா?"

மரியஜான் தரையைப் பார்த்தார்.

"சொல்லுலே."

"சார்தான் டீச்சர். ஒங்களுக்குத் தெரிஞ்சா நடிக்கத் தெரியாதுண்ணு சொன்னாரு. டீச்சர் நெசமா அழணும், அதப் பாத்துத்தான் ஊரு நம்பும், கம்பெனிக்காரனும் நம்புவான்ணு."

"ஒரு மாசம் அழுதா போதும்ணு வச்சிருந்தாவளாக்கும்." அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பெர்லினின் பக்கம் திரும்பினார். "மக்கா, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த ஒரு வருசத்துல எவனாவது வந்தானா? அவிய நெனச்சதுபோல?"

பெர்லினுக்குப் பொய் சொல்ல வரும். நன்றாகவே வரும், அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அந்தக் கண்களிடம் வரவில்லை.

"வரல்ல டீச்சர். பேரு ஒண்ணும் காலாவதி ஆகல்லியே. உயிரோட கிடக்க பேருக்கு யாரும் வரமாட்டாவ."

டீச்சர் அதைக் கேட்டுத் தலையை மெல்ல ஆட்டினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மரியஜானுக்கு இன்னொரு நாற்காலியைக் காலால் தள்ளினார். அவர் உட்கார்ந்தார்.

"எழுதும் உபதேசியாரே."

"எப்படி எழுதட்டு அம்மா?"

"காலஞ்சென்ற."

உபதேசியார் எழுதினார்.

"வாசியும்."

"இப்பமா?"

"எனக்குக் கேக்கணும். அங்க ஆளுவ மத்தியில நான் எப்பிடி இருப்பேன்ணு எனக்குத் தெரியணும்."

ஞானையன் எழுந்து நின்றார். நின்றதும் குரல் தானாக சபைக் குரலாக மாறியது. "கருங்கல் சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற ஜெயசிங், லீலாபாய் ஆகியோரின் மகன் ஷிபினுக்கும், குலசேகரம் சபையைச் சேர்ந்த டைட்டஸ் அவர்களின் மகள் ஜின்சிக்கும் திருமணம் செய்ய நிச்சயிக்கப்பட்டிருக்கிறது."

டீச்சர் அசையவில்லை. மரியஜான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவ."

உபதேசியார் சிந்தியாவைப் பார்த்தார். அவள் வாசியுங்கள் என்று தலையசைத்தாள். அவர் வாசித்தார். காலஞ்சென்ற என்ற சொல்லில் இந்தமுறை டீச்சரின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"இன்னும் ஒரு தடவ."

மூன்றாம் தடவை வாசிக்கும்போது அவர் குரல் உடைந்தது. ஆனால் எத்தனையோ ஆண்டு வாசித்துப் பழகிய வாய், முடிவில் நிற்காமல், எல்லா ஓலைக்கும் சொல்கிற அடுத்த வரியையும் சொல்லிவிட்டது.

"இதற்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் யாராவது இருந்தால் இப்போது தெரிவிக்க வேண்டும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. திருத்திக்கொள்ள வாயெடுத்தவரை டீச்சர் கை உயர்த்தி நிறுத்தினார். சபையில் இந்த வரிக்குப் பிறகு கொஞ்சநேரம் அமைதி விடுவார்கள். இங்கேயும் விட்டார்கள். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஐந்து பேரும் திறந்த வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். பெர்லின் தன் மூச்சைப் பிடித்து வைத்திருந்தான்.

யாரும் தடை சொல்லவில்லை.

"சரி," என்றார் லீலாபாய் டீச்சர். "கொண்டு போவும்."